பழப்புளி விட்ட பிறகு கிழங்கு ஏன் அவியாது? தாவரம் தன் சுவரைக் கட்டும் கதை

கொழும்பு வெள்ளவத்தையில் கடலுக்கும் காலி வீதிக்கும் நடுவே இருக்கும் எங்கள் தொடர்மாடி வீட்டில், போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் உருளைக்கிழங்குக் குழம்பு வைத்தேன். வெங்காயம் வதக்கி, தூள் போட்டு, கிழங்கை வெட்டிப் போட்ட கையோடு கரைத்து வைத்திருந்த பழப்புளியையும் விட்டுவிட்டேன். அரை மணித்தியாலம் கொதித்தது. அகப்பையால் ஒரு துண்டை எடுத்து நசித்துப் பார்த்தேன். நசியவில்லை. அம்மா வந்து சட்டிக்குள் எட்டிப் பார்த்தார்.

"பழப்புளியை ஏன் முதலே விட்டனி? இனி விடிய விடிய எரிச்சாலும் கிழங்கு அவியாது."

கிழங்கு அவிந்த பிறகுதான் புளி விட வேண்டும் என்பது அம்மாவுக்கு அவருடைய அம்மா சொன்னது. நான் உயர்தர மாணவர்களுக்கு உயிரியல் படிப்பிப்பவன். கலச்சுவர் என்ற பாடத்தை எத்தனையோ தடவை நடத்தியிருக்கிறேன். அந்தப் பாடத்தையும் இந்தச் சட்டியையும் சேர்த்து யோசித்தது அன்றைக்குத்தான். யோசிக்கத் தொடங்கியபின் நிறுத்த முடியவில்லை. கிழங்கு அவிப்பது, பப்பாசி பழுப்பது, பொச்சுமட்டையிலிருந்து தும்பு எடுப்பது, மரத்தைக் காய்ச்சிக் கடதாசி ஆக்குவது எல்லாமே கலச்சுவரைக் கழற்றும் வேலைகள். கழற்றுவது இலகுவா கடினமா என்பதை, தாவரம் அந்தச் சுவரை எப்படிக் கட்டியது என்பதுதான் தீர்மானிக்கிறது.

தமிழ்நாட்டுப் புத்தகங்களில் 'செல்' என்று இருப்பதை நாங்கள் இங்கே 'கலம்' என்று படிக்கிறோம். அழகான சொல். உள்ளே ஏதோ நிரப்பி வைத்த பாத்திரம் என்ற எண்ணத்தைத் தருகிறது. ஆனால் 'கலச்சுவர்' என்றதும் மாணவர்கள் ஒரு பெட்டியைத்தான் கீறுகிறார்கள். விலங்குக் கலத்துக்கு ஒரு வட்டம், தாவரக் கலத்துக்கு இரட்டைக் கோட்டில் ஒரு பெட்டி. புள்ளியும் கிடைத்துவிடும். அந்த இரட்டைக் கோட்டுக்குள் என்ன நடக்கிறது என்று யாரும் கேட்பதில்லை.

வரலாற்றிலும் அதுவே நடந்தது. 1665இல் ரொபேர்ட் ஊக் தக்கையைச் சீவி நுணுக்குக்காட்டியில் வைத்துப் பார்த்துச் சின்னச் சின்ன அறைகளைக் கண்டார். அவர் கண்டது வெறும் சுவர்களை. உள்ளே இருந்த உயிர் எப்போதோ செத்துப்போயிருந்தது. உயிரியலில் கலம் என்ற எண்ணமே இந்த வெறும் சுவர்களைப் பார்த்துத்தான் பிறந்தது. அப்புறம் உள்ளே இருப்பதுதான் முக்கியம் என்று எல்லோரும் உள்ளே போய்விட்டார்கள். சுவர் வெளியே நின்றது.

சுவரின் முதன்மைப் பொருள் செலுலோசு. 1838இல் பிரெஞ்சு இரசாயனவியலாளர் அன்செல்ம் பாயென் அதைப் பிரித்தெடுத்து, மாப்பொருளின் அதே மூலக அமைப்பு இதற்கும் இருக்கிறது என்று காட்டினார். இதை வகுப்பில் சொல்லும்போது நான் நெல்லைத்தான் உதாரணமாக எடுப்பேன். நெற்பயிர் வெயிலையும் காபனீரொட்சைட்டையும் கொண்டு குளுக்கோசு செய்கிறது. அந்தக் குளுக்கோசை ஒரு விதமாகக் கோத்தால் அரிசிக்குள் இருக்கும் மாப்பொருள். அதையே ஒவ்வொன்றையும் முன்னதற்குத் தலைகீழாகத் திருப்பித் திருப்பிக் கோத்தால் வைக்கோலில் இருக்கும் செலுலோசு. முன்னதில் சங்கிலி சுருளும், தண்ணீர் உள்ளே புகும், எங்கள் வயிற்றில் இருக்கும் நொதியம் அதை வெட்டும். பின்னதில் சங்கிலி நீட்டி நிமிர்ந்து, பக்கத்துச் சங்கிலியோடு ஒட்டிக்கொள்ளும், தண்ணீர்கூட உள்ளே போகாது. சோற்றை நாங்கள் சாப்பிட்டு வைக்கோலை மாட்டுக்குப் போடுவதற்கு அடியில் இருப்பது இந்த ஒரு திருப்பம். மாட்டுக்கும் சொந்தமாக அதை வெட்டத் தெரியாது. அதன் இரைப்பையில் வாழும் நுண்ணுயிர்கள்தான் வெட்டிக் கொடுக்கின்றன.

சரி, இதைக் கட்டுவது யார், எங்கே?

இங்கேதான் எனக்கு உடல் சிலிர்க்கிறது. கலச்சுவரின் மற்றப் பொருட்களில் பெரும்பாலானவை உள்ளே செய்யப்பட்டு வெளியே அனுப்பப்படுகின்றன. செலுலோசு அப்படியில்லை. கலத்தின் வெளிச் சவ்வில் புரதங்களால் ஆன ஒரு பொறி பதிந்திருக்கிறது. இலத்திரன் நுணுக்குக்காட்டியில் ஆறு இதழ்ப் பூப்போலத் தெரியும். 1980இல் சோளத்தில் இதைத் தெளிவாகக் கண்டார்கள். பொறியின் உட்பக்கத்தில் குளுக்கோசு ஏறுகிறது, வெளிப்பக்கத்தில் நூல் இறங்குகிறது. ஒரு பொறி ஒரே நேரத்தில் ஏறத்தாழ 18 சங்கிலிகளை நூற்கிறது என்று இப்போது கணிக்கிறார்கள். அவை வெளியே வந்தவுடன் ஒன்றோடொன்று ஒட்டி, ஏறத்தாழ 3 நனோமீற்றர் அகலமான ஒரு நுண்நாராக இறுகுகின்றன. நார் இறுகிச் சுவரில் மாட்டிக்கொள்வதால், நூற்கும் பொறி சவ்வில் பின்னோக்கித் தள்ளப்படுகிறது. கயிறு திரிக்கும் இடத்தில் பார்த்திருப்பீர்கள், கட்டி நிற்கும் முனையிலிருந்து திரிப்பவர் பின்பக்கமாக நடந்துகொண்டே போவார். அதே நடைதான்.

இந்த நடையை முதன்முதலாக உயிருள்ள தாவரத்தில் படம் பிடித்தது 2006இல். அமெரிக்காவில் அலெக்சாண்டர் பரேடெஸ், கிறிஸ் சமர்வில், டேவிட் எர்கார்ட் ஆகிய மூவரும் அரபிடொப்சிஸ் என்ற சின்னச் செடியில் அந்தப் பொறிக்கு ஒளிரும் புரதமொன்றைக் கட்டிவிட்டுப் பார்த்தார்கள். ஒளிப்புள்ளிகள் வரிசை வரிசையாக நகர்ந்தன. வேகம் நிமிடத்துக்கு ஏறத்தாழ 300 நனோமீற்றர். ஒரு தலைமயிரின் அகலத்தைக் கடக்க 4 மணித்தியாலம் அளவில் ஆகும். மெதுவாகத் தெரிகிறது. ஆனால் ஒரு குளுக்கோசின் நீளம் அரை நனோமீற்றர்தான். அப்படியென்றால் ஒவ்வொரு சங்கிலியிலும் விநாடிக்கு 10 குளுக்கோசு கோக்கப்படுகிறது. நீங்கள் இந்த வரியை வாசித்து முடிப்பதற்குள் பல்கனியில் இருக்கும் துளசியில் எத்தனை கோடிப் பொறிகள் நடந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

அந்த ஒளிப்புள்ளிகள் கண்டபடி அலையவில்லை. சவ்வுக்கு உட்பக்கமாக ஓடும் நுண்குழாய்களின் தடத்தில்தான் நகர்ந்தன. இதற்கு ஒரு முன்கதை இருக்கிறது. 1962இல் போல் கிறீன் என்பவர், கலத்துக்குள் கண்ணுக்குத் தெரியாத ஏதோ இழைகள் இருந்து செலுலோசின் திசையைத் தீர்மானிக்க வேண்டும் என்று சொன்னார். நீளமாக வளரும் பாசிக் கலத்தில் கொல்ச்சிசின் என்ற மருந்தை விட்டால் அது உருண்டையாக ஊதுவதை வைத்து அவர் செய்த ஊகம் அது. அடுத்த வருடமே லெட்பெற்றரும் போட்டரும் அந்த இழைகளை இலத்திரன் நுணுக்குக்காட்டியில் கண்டு, நுண்குழாய் என்று பெயர் வைத்தார்கள். ஊகம் முதலில், காட்சி பிறகு. விஞ்ஞானத்தில் எனக்கு மிகவும் பிடித்த வகைக் கதை இது.

திசைக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம்? ஒரு பிடி பயறை ஊறவைத்து ஈரத்துணியில் கட்டி வைத்துப் பாருங்கள். அடுத்த நாள் முளை நீண்டிருக்கும், பருத்திருக்காது. ஒவ்வொரு கலமும் தண்ணீரை உறிஞ்சி உள்ளிருந்து தள்ளுகிறது. அந்த அமுக்கம் பல வளிமண்டலம் அளவு, கார் ரயருக்குள் இருப்பதைவிட அதிகம். அமுக்கம் எல்லாப் பக்கமும் சமமாகத்தான் தள்ளும். ஆனால் செலுலோசு நார்கள் பீப்பாய்க்குப் போட்ட இரும்பு வளையங்களைப் போலக் குறுக்கே சுற்றியிருப்பதால் கலத்தால் பக்கவாட்டில் ஊத முடியாது. நீளத்தான் முடியும். முருங்கைக்காய் நீளமாக இருப்பதும் பூசணி உருண்டிருப்பதும் கலங்கள் எப்படிப் பிரிகின்றன, எப்படி விரிகின்றன என்பதைப் பொறுத்தது. அந்த விரிவுக்கு அணை கட்டுவது இந்த நார்களின் திசை.

ஒரு சிக்கல் மிஞ்சுகிறது. ரயரைவிட அதிக அமுக்கத்தைத் தாங்கும் சுவர், வளரவும் விட வேண்டும். தளர்த்தினால் வெடிக்கும், இறுக்கினால் வளராது. தாவரம் என்ன செய்கிறது? வளர்ச்சிக் காலத்தில் கலம் தன் சுவருக்குள் அமிலத்தைச் சுரக்கிறது. அமிலம் பட்டதும் சுவர் கொஞ்சம் இளகி நீள்கிறது. இதன் பின்னால் இருந்த ஆளைக் கண்டுபிடித்தது 1992இல், பென்சில்வேனியாவில் டானியல் கொஸ்குரோவின் ஆய்வுகூடம். அவர்கள் எடுத்தது வெள்ளரி நாற்று. கலங்கள் செத்துப்போன பின்னும் அதன் தண்டை அமிலக் கரைசலில் வைத்து இழுத்தால் நீண்டது. கொதிக்கவைத்த பின் இழுத்தால் நீளவில்லை. வளரும் தண்டிலிருந்து பிழிந்தெடுத்த புரதத்தைக் கொதித்த தண்டில் சேர்த்தார்கள். செத்த, கொதித்த சுவர் மறுபடி நீண்டது. அந்தப் புரதத்துக்கு எக்ஸ்பான்சின் என்று பெயர். அது நார்களை வெட்டுவதில்லை. நாரும் நாரும் ஒட்டிக்கொண்டிருக்கும் இடத்தைச் சற்றே நெகிழ்த்தி, அவை ஒன்றின்மேல் ஒன்று வழுக்க விடுகிறது. பின்னாலேயே புது நார் பின்னப்படுகிறது. ஆள் உள்ளே வளர வளர, உடம்பில் இருக்கும்போதே சட்டையைத் தைத்துப் பெருப்பிக்கும் வேலை.

இனி என் சட்டிக்கு வரலாம்.

நார்கள் மட்டும் இருந்தால் அது நூற்பந்து, சுவர் ஆகாது. இடைவெளியை நிரப்பவும், பக்கத்துக் கலத்தோடு ஒட்டவும் ஒரு பசை வேண்டும். அதுதான் பெக்டின். ஜாம் இறுகுவது இதனால்தான். 1825இல் பிரக்கோனோ என்ற பிரெஞ்சுக்காரர், உறைதலைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து இந்தப் பெயரை வைத்தார். பெக்டின் கலத்துக்குள் பொதிகட்டும் உறுப்பான கொல்கியுடலில் செய்யப்பட்டுச் சின்னப் பைகளில் சுவருக்கு வந்து சேர்கிறது. வரும்போது அது இளகின நிலையில் இருக்கும். வந்த பிறகு ஒரு நொதியம் அதன் மூடிகளைக் கழற்ற, அந்த இடங்களில் கல்சியம் வந்து அமர்ந்து இரண்டு இழைகளைச் சேர்த்துக் கட்டுகிறது. இரண்டு கலங்களுக்கு நடுவில் இருக்கும் நடுமென்றட்டு பெரும்பாலும் இந்தக் கல்சியப் பசைதான்.

கிழங்கு அவியும்போது உடைவது இந்தப் பசை. கலங்கள் உடைகின்றன என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். ஒரு மாணவி அப்படித்தான் கேட்டாள்: "சேர், அவிச்சா கலச்சுவர் உடையுது, என்ன?" பதில் சொல்வதற்குப் பதிலாக, அடுத்த வகுப்புக்கு ஒரு அவித்த உருளைக்கிழங்கைக் கொண்டு போனேன். ஊசி முனையளவு கிழங்கை எடுத்து, ஒரு சொட்டுத் தண்ணீரில் கரைத்து, ஒரு சொட்டு அயடீன் விட்டு நுணுக்குக்காட்டியில் வைத்தோம். கருநீலமாக, முட்டை வடிவில், தனித்தனியாக மிதந்தன. ஒவ்வொன்றும் ஒரு முழுக்கலம். சுவர் அப்படியே இருந்தது. உள்ளே மாப்பொருள் ஊதி நிறைந்திருந்தது. பக்கத்துக் கலத்திலிருந்து மட்டும் கழன்றிருந்தது. வாயில் போட்டால் மாவாக உதிர்வது இந்தக் கழன்ற கலங்கள்தான். கிழங்கை மிக்சியில் போட்டு அடித்தால்தான் சுவர் கிழியும், மாப்பொருள் வெளியே கொட்டும், பசைபோல இழுபடும்.

பெக்டின் சூட்டில் உடைவது சுற்றியிருக்கும் தண்ணீர் அமிலமா காரமா என்பதைப் பொறுத்தது. மெல்லிய அமிலத்தில் அது மிக உறுதியாக நிற்கும். பழப்புளியில் இருக்கும் தாத்தாரிக் அமிலம் குழம்பை அந்த இடத்துக்குக் கொண்டு போய்விடுகிறது. அம்மா சொன்னதன் இரசாயனம் இவ்வளவுதான். எதிர்ப்பக்கம் அப்பச்சோடா. கடலை அவிக்கும்போது ஒரு சிட்டிகை போடுவார்கள். காரத்தில் பெக்டின் சங்கிலி மளமளவென்று அறும். கொஞ்சம் கூடினால் கடலை கூழாகிவிடும். பூசணியில் இனிப்புச் செய்பவர்கள் துண்டுகளைச் சுண்ணாம்புத் தண்ணீரில் ஊறவைப்பதற்கும் இதே இடத்தில்தான் விடை. அது கல்சியத்தை உள்ளே அனுப்பி, அவிழ இருந்த முடிச்சுகளை இன்னும் இறுக்கும் வேலை. பாகில் எவ்வளவு கொதித்தாலும் துண்டு கரையாது.

பழம் தானே இந்த வேலையைச் செய்துகொள்கிறது. பப்பாசி பழுப்பது, அதன் கலங்கள் தங்கள் சொந்தப் பசையைத் தாங்களே வெட்டுவது. விதையைப் பறவைக்குக் கொடுக்க வேண்டும், அதற்காகச் சதை இளக வேண்டும். ஆனால் தம்புள்ளையிலிருந்து பேலியகொடைச் சந்தைக்கு லொறியில் வரும் தக்காளிக்கு இது ஆபத்து. அடியில் இருக்கும் பெட்டிகளில் எவ்வளவு நசிந்து போகிறது என்பதைக் காலையில் சந்தைக்குப் போனவர்கள் கண்ணால் கண்டிருப்பார்கள். பற்றீரியாவும் காத்திருக்கிறது. பெக்டோபக்ரீரியம் என்ற இனத்தின் பெயரே அதன் தொழிலைச் சொல்கிறது. பெக்டினை வெட்டும் நொதியங்களைச் சுரந்து உருளைக்கிழங்கையும் கரட்டையும் ஒரே இரவில் நாற்றமெடுக்கும் களியாக்கிவிடும்.

தக்காளி இளகாமல் இருக்க வைக்கலாமா என்று அமெரிக்காவில் கல்ஜீன் என்ற நிறுவனம் பெக்டினை வெட்டும் ஒரு நொதியத்தின் பரம்பரையலகை, அதாவது மரபணுவை, அடக்கியது. 1994இல் 'பிளேவர் சேவர்' என்ற பெயரில் கடைக்கு வந்த அந்தத் தக்காளிதான் மரபணு மாற்றிய முதல் முழு உணவு. எதிர்பார்த்த அளவு அது உறுதியாக இருக்கவில்லை. சில வருடங்களில் கடைகளிலிருந்தும் மறைந்தது. காரணம் பின்னர் தெரிந்தது: பசையை வெட்டும் கத்தி ஒன்று மட்டும் இல்லை. 2016இல் நொட்டிங்ஹாம் பல்கலைக்கழகத்தினர் பெக்டேற் லையேஸ் என்ற வேறொரு நொதியத்தை அடக்கியபோது, நிறமும் சுவையும் மாறாமல் தக்காளி உறுதியாக நின்றது. ஒரு சுவரைக் கழற்றுவதற்கு எத்தனை கத்திகள், எந்த ஒழுங்கில் என்று தெரியாமல் எதையும் நிறுத்த முடியாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. பகைவன் சுவரை வெட்டும்போது சிதறும் பெக்டின் துண்டுகளையே, 10 முதல் 15 சர்க்கரை நீளத்தில் இருந்தால், தாவரம் அபாயச் செய்தியாக எடுத்துக்கொள்கிறது. உடனே பாதுகாப்பு வேலைகள் தொடங்கும். உடைவது தானே மணி அடிக்கும்படி கட்டிய சுவர் அது.

இதுவரை சொன்னது வளரும் கலத்தின் மெல்லிய சுவர். வளர்ச்சி முடிந்த பிறகு சில கலங்கள் உள்பக்கமாக இன்னொரு தடித்த சுவரைக் கட்டுகின்றன. பருத்தி நூலின் ஒவ்வோர் இழையும், விதையின் தோலிலிருந்து 3 சென்ரிமீற்றர் அளவில் நீண்ட ஒரே ஒரு கலம். உள்ளே செலுலோசை அடுக்கி அடுக்கி, கடைசியில் 90 சதவீதத்துக்கு மேல் அதுவாகவே ஆகிவிட்ட கலம். வேட்டி, சேலை எல்லாம் அந்தச் சுவர்தான்.

மரத்தின் கலங்கள் ஒரு படி மேலே போய், செலுலோசுக்கு இடையில் இலிக்னினை ஊற்றுகின்றன. அது சர்க்கரை அல்ல. வளைய வடிவ மூலக்கூறுகள் சுவருக்குள் வந்து, ஒழுங்கான வரிசை எதுவும் இல்லாமல், அகப்பட்ட இடத்தில் அகப்பட்டதோடு ஒட்டிக்கொள்கின்றன. ஒழுங்கில்லாததுதான் அதன் பலம். ஒரே மாதிரியான முடிச்சுகள் இருந்தால் ஒரு நொதியம் அவற்றை வரிசையாக அவிழ்த்துக்கொண்டு போகும். இலிக்னினில் ஒவ்வொரு முடிச்சும் ஒரு விதம். கொங்கிரீட்டில் கம்பியும் சீமெந்தும் போல, செலுலோசு இழுவையைத் தாங்க, இலிக்னின் நசிவைத் தாங்குகிறது. காழ்க் குழாய்களில் தண்ணீர் மேலே போவது உறிஞ்சு விசையால். ஸ்ட்ரோவைப் பலமாக உறிஞ்சினால் அது நசுங்கும் அல்லவா, அப்படி நசுங்காமல் குழாயைத் தாங்குவது இந்தச் சுவர். இது இல்லாமல் மரம் என்ற ஒன்றே பூமியில் எழுந்திருக்காது.

எங்கள் ஊரில் இலிக்னினைக் கையில் பிடித்துப் பார்க்க வேண்டுமென்றால் தும்புத்தடியை எடுத்தால் போதும். தேங்காய்த் தும்பில் ஏறத்தாழ 40 சதவீதம் இலிக்னின். தாவர நார்களில் இது மிக அதிகம். அதனால்தான் தும்புக் கயிறு உப்புத் தண்ணீரில் கிடந்தாலும் இலேசில் உக்காது. தென்கரையோரம் பொச்சுமட்டையைக் குழிகளில் மாதக்கணக்காக ஊறப்போடுவார்கள். கிட்டப் போனால் அழுகிய முட்டை மணம் அடிக்கும். அந்தத் தண்ணீரில் பற்றீரியாக்கள் பெக்டினைத் தின்கின்றன. இலிக்னினை அவற்றால் ஒன்றும் செய்ய முடியாது. பசை போய், நார் மிஞ்சும். பிறகு அடித்தால் தும்பு தனியாகக் கழன்று வரும். என் அம்மா நெருப்பாலும் அப்பச்சோடாவாலும் செய்யும் வேலையை இங்கே குழித்தண்ணீரும் காலமும் செய்கின்றன.

கடதாசிக்கு இதன் மறுபக்கம் வேண்டும். அங்கே இலிக்னின் போக வேண்டும், செலுலோசு நிற்க வேண்டும். மரத்துண்டுகளைச் சோடியம் ஐதரொட்சைட்டும் சோடியம் சல்பைட்டும் கலந்த கரைசலில் 170 பாகை அளவு சூட்டில் அமுக்கத்தோடு காய்ச்சுவார்கள். 1879இல் கார்ல் டால் தொடக்கிய முறை, இன்றும் அதுவே. இலிக்னினை நீக்காமல் மரத்தை அரைத்துச் செய்வது பத்திரிகைக் கடதாசி. வெயிலில் விட்டால் மஞ்சளாவது உள்ளே நின்ற அந்த இலிக்னினால். வைக்கோலிலிருந்தும் கடதாசி செய்யலாம். வாழைச்சேனை ஆலை அதைத்தான் செய்தது. ஆனால் நெற்பயிர் தன் சுவரில் சிலிக்காவையும் சேர்த்துக் கட்டுகிறது. நெல் இலை கையைக் கீறுவது அதனால். காய்ச்சும் ஆலைக்கு அது பெரிய தலையிடி.

2022 மார்ச்சில் இறக்குமதி செய்யப் பணமில்லாமல் நாட்டில் கடதாசி தட்டுப்பட்டபோது, மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சைகளைப் பிற்போட்டார்கள். என் மாணவர்கள் வெறும் கையோடு வந்து, பழைய கொப்பிகளின் பின்பக்கத்தில் எழுதினார்கள். சுற்றிவர மரமும் தென்னையும் வைக்கோலும் நிறைந்த நாட்டில் எழுத ஒரு தாள் இல்லை. பணம்தான் முதல் காரணம், அது எல்லோருக்கும் தெரியும். ஆனால் மரத்துக்கும் தாளுக்கும் நடுவில் நிற்பது கழற்றக் கடினமான ஒரு சுவர் என்பதும், அதைக் கழற்ற ஆலையும் எரிபொருளும் இரசாயனமும் வேண்டும் என்பதும் அன்றைக்கு எனக்கு உறைத்தது.

இலிக்னினை முழுமையாக உடைக்கத் தெரிந்தவை வெண்ணழுகல் பங்கசுகள். கொழும்பின் பழைய வீதி மரங்களில் மழைக்காலத்துக்குப் பின் விசிறிபோல முளைத்து நிற்பவற்றைப் பார்க்கலாம். அவற்றில் சில இந்த வகை. உள்ளே மரம் வெளிறி, நார்நாராக, பஞ்சுபோல ஆகியிருக்கும். இன்னொரு வகை செலுலோசை எடுத்துவிட்டு இலிக்னினை விட்டுவிடும். அப்போது மரம் கபிலமாகி, சின்னச் சதுரங்களாக வெடிக்கும். பழைய வீட்டு வளைகளில் அதைக் கண்டிருக்கிறேன். 2023 ஒக்டோபரில் கொள்ளுப்பிட்டியில் பஸ் மீது பெரிய மரமொன்று விழுந்து 5 பேர் உயிரிழந்தார்கள். அதற்குப் பிறகு காற்றடிக்கும் நாட்களில் மரங்களை அண்ணாந்து பார்த்துக்கொண்டே நடக்கும் பழக்கம் எனக்கு வந்துவிட்டது. வெளியே பச்சையாக நிற்கும் மரத்தின் உள்ளே சுவர்கள் எந்த நிலையில் இருக்கின்றன என்பது இலையைப் பார்த்தால் தெரியாது.

பூமியின் எல்லா உயிர்களிலும் சேர்ந்து ஏறத்தாழ 550 கிகாதொன் (ஒரு கிகாதொன் நூறு கோடி தொன்) காபன் இருக்கிறது, அதில் 450 தாவரங்களில் என்று 2018இல் வெளியான ஒரு கணக்கீடு சொல்கிறது. அதில் பெரும் பங்கு மரத்தில் கலச்சுவராகத்தான் நிற்கிறது. எரிபொருளுக்காகப் பூமியைத் தோண்டுவதை விட்டு, வைக்கோலையும் மரக்கழிவையும் சர்க்கரையாக்கி எரிபொருள் செய்ய முடியாதா என்று பல நாடுகளில் முயல்கிறார்கள். தடையாக நிற்பது இலிக்னின்தான். குறைத்துவிடலாமே என்று தோன்றும். மிகவும் குறைத்தால் செடி குட்டையாகும், காழ்க் குழாய் உள்ளே நசுங்கும். சுவர் பலவீனமான அரபிடொப்சிஸ் செடிகளில், குழாய்கள் இடிந்த சுரங்கம்போல நெளிந்து கிடப்பதைக் குறுக்குவெட்டுப் படங்களில் பார்த்தால் பாவமாக இருக்கும்.

2014இல் ஒரு குழு வேறு வழியில் யோசித்தது. இலிக்னினைக் குறைக்காமல், அது கட்டப்படும்போதே இடையிடையே அவிழக்கூடிய முடிச்சுகளை வைத்தால் என்ன? சீன மருத்துவத்தில் பயன்படும் அஞ்செலிக்கா என்ற செடியிலிருந்து ஒரு பரம்பரையலகை எடுத்துப் பொப்லர் மரத்தில் வைத்தார்கள். அந்த மரங்களின் இலிக்னின் சங்கிலிகளில் எசுத்தர்ப் பிணைப்புகள் சேர்ந்தன. மழையும் காற்றும் அவற்றை ஒன்றும் செய்யாது. மெல்லிய காரத்தில் சூடாக்கினால் மட்டும் அறும். மரங்கள் வழக்கம்போல நிமிர்ந்து வளர்ந்தன. வெட்டிக் காரத்தில் ஊறவைத்தபோது மற்ற மரங்களைவிட இலகுவாகச் சர்க்கரையைக் கொடுத்தன. எங்கள் வீட்டு அலுமாரியில் அப்பச்சோடாப் போத்தலுக்கும் பழப்புளி உருண்டைக்கும் நடுவில் ஒரு சாண் இடைவெளி இருக்கிறது. அந்தப் பொப்லர் மரங்களைப் பற்றி வாசித்த இரவு, தண்ணீர் எடுக்கச் சமையலறைக்குப் போனவன் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன்.